பூத்தட்டு என்னைத் தாண்டிப் போக வேண்டாம்



இது நீளமான பதிவு. கண் வலிக்கிறவர்கள் பாதியில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான்.

போன மாதம் நம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. யார் வீடு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். மண்டப வாசலில் தட்டோடு இரண்டு சின்னப் பெண்கள் நின்றார்கள். சந்தனம், குங்குமம், கற்கண்டு, துண்டு துண்டாக நறுக்கி வைத்த மல்லிகைப்பூ, பக்கத்தில் பன்னீர்ச் செம்பு. எனக்கு முன்னால் போன மூன்று பேருக்கும் பூ கொடுத்தார்கள். நான் வந்ததும் ஒரு பிள்ளை பூவைக் கையில் எடுத்தது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் கண்ணைக் காட்டினார். பிள்ளையின் கை அப்படியே தட்டுக்குத் திரும்பிப் போனது. என் மேல் பன்னீரை மட்டும் இரண்டு தடவை தெளித்துவிட்டு, "உள்ள போங்க பாட்டி" என்றது.

பன்னீர் ரோஜாவில் எடுப்பது. ரோஜாவின் தண்ணீர் என் மேல் படலாம், மல்லிகையின் மொட்டு படக்கூடாது. இந்தக் கணக்கை எந்த வாய்ப்பாட்டில் படித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

உள்ளே இன்னொரு கதை காத்திருந்தது. அன்று நான் இரண்டு சொட்டு சென்ட் போட்டிருந்தேன். மல்லிகையும் சம்பங்கியும் கலந்த வாசம். நான் உட்கார்ந்த வரிசையில் முதலில் ஒரு மதினி, "என்ன மதினி, பூந்தோட்டமே நடந்து வருது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒரு குரல். மெதுவாகச் சொன்னதாக அவர்களுக்கு நினைப்பு. "தாலியறுத்தவளுக்கு எதுக்கு இந்த வாசம்?"

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகச் சொல்வதுபோல ஒரு குரல் பதிவு. பெரியவர்கள் வயதுக்குத் தகுந்தபடி நடந்துகொண்டால்தான் சின்னவர்கள் மதிப்பார்களாம். விசேஷ வீட்டில் சில பேர் சில விஷயங்களைத் தவிர்த்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லதாம். யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் என்னைத் தவிர வேறு யாரும் பதறவில்லை, அதிலிருந்தே யாருக்கு வந்த கடிதம் என்று தெரிகிறது அல்லவா? பொதுவில் வந்ததால் பதிலையும் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த வாசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பேசினால் நியாயம் இருக்காது.

பிரான்சில் வேலை பார்க்கும் என் மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த சின்ன பாட்டில் அது. விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. பெயர் ஃபிராகா. பிரெஞ்சு மொழியில் பெருஞ்சத்தம், ரகளை என்று பொருளாம். 1948-ல் பாரிஸில் ராபர்ட் பிகே என்ற ஆடை வடிவமைப்பாளரின் பெயரில் வந்தது. அதைக் கலந்து உருவாக்கியவர் ஜெர்மேன் செல்லியே என்ற பெண்மணி. அந்தத் தொழிலை முழுக்க ஆண்களே வைத்திருந்த காலத்தில் உள்ளே நுழைந்தவர். அவர் முக்கியமாக எடுத்துக்கொண்ட பூ எது தெரியுமா? சம்பங்கி. நம் கல்யாண மாலையில் கோக்கிற அதே சம்பங்கி.

"உங்க ஊர்ப் பூதான் டீச்சர், போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் நான் அதை யாருக்கும் தெரியாமல் போட்டேன். இரவு சாப்பாடு முடிந்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்த பிறகு மணிக்கட்டில் ஒரு சொட்டு. வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். என் பென்ஷனில் வாழ்கிறேன். இருந்தும் திருட்டுச் சாமானைத் தொடுகிறவளைப்போலத் தொட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டியது இதைத்தான்.

முதல் நாள் ஏமாந்துதான் போனேன். பச்சைத் தண்டை ஒடித்தால் வருமே, அந்த வாசம் வந்தது. கொஞ்சம் கற்பூரம், கொஞ்சம் புது ரப்பர். இதற்கா இத்தனை பெருமை என்று படுத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பூ மலர்ந்தது. வெண்ணெயைப்போலக் கெட்டியான மணம். ராத்திரிப் பயணத்தில் காருக்குள் சம்பங்கி மாலையை வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. அதற்கு அடியில் மல்லிகை. அதுவும் மொட்டு மல்லிகை கிடையாது. ராத்திரி தலையில் இருந்து நசுங்கி, விடியற்காலையில் ஓரம் பழுப்பேறிய மல்லிகை. காலையில் எழுந்தபோது தலையணை உறையில் அந்த மணம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு மேல் என் தலையணையில் இல்லாத மணம். கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அப்படியே படுத்திருந்தேன்.

அந்தப் பழுப்பேறிய மணத்துக்கும் ஒரு காரணம் உண்டு. மல்லிகை வகைப் பூக்களில் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து முகர்ந்தால் பாச்சை உருண்டை வாடை, அதிகமானால் மலத்தின் வாடையே அடிக்கும். பூவில் மிகக் கொஞ்சமாக இருப்பதால் நமக்கு அது மயக்கும் மணமாகத் தெரிகிறது. ஆக, மல்லிகையின் மணம் வெறும் தூய்மையான மணம் இல்லை. அதில் உடம்பின் வாடையும் கலந்திருக்கிறது. சாமிக்கும் அதைத்தான் சாத்துகிறோம், முதலிரவுக் கட்டிலிலும் அதைத்தான் தூவுகிறோம். அந்த இரண்டாவது சங்கதிதான் பின்வரிசைக் குரலை உறுத்தியது என்று எனக்குத் தெரியும். இந்தம்மாவுக்கு இந்த வயதில் இன்னும் உடம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது. முழங்கால் வலிக்கிறது, பசிக்கிறது, வியர்க்கிறது, பூ மணத்தால் சந்தோஷப்படுகிறது. முதல் மூன்றுக்கும் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

இனி ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதல் ஆட்சேபம்: வாசனை தூக்கலாக இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைவலி வரும். இது நியாயமான பேச்சு. சம்பங்கியும் மல்லிகையும் அடக்கமான வாசனைகள் இல்லை. அறைக்கு ஆள் போகும் முன்னால் வாசம் போய்விடும். இன்னொன்றும் உண்டு. போட்டுக்கொண்டவரின் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். போய்விட்டது என்று நினைத்து இன்னும் நாலு சொட்டு போடுவோம், பக்கத்து ஆளுக்கு மூச்சு முட்டும். அதனால்தான் நான் இரண்டு சொட்டோடு நிறுத்துகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கூட்டமான பஸ்ஸில் ஏறும்போதும் போடுவதில்லை. ஆஸ்துமா இருப்பவர் யாராவது "டீச்சர், எனக்கு ஒத்துக்கல" என்று சொன்னால் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே மண்டபத்தில் பாடி ஸ்பிரேயைக் கவிழ்த்துக்கொண்டு வந்த இளவட்டங்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஜவ்வாது பூசிய பெரியவர்கள் இருந்தார்கள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. தலைவலி எல்லாம் என் இரண்டு சொட்டில் மட்டும் எப்படி வந்தது?

இரண்டாவது ஆட்சேபம்: இந்த வயதில் என்ன சென்ட்? எந்த வயது வரை என்று யாராவது எழுதிக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். சந்தன சோப்பு போட்டுக் குளிக்கலாம், தைலம் தேய்க்கலாம், விபூதியில் பச்சைக் கற்பூரம் கலந்து பூசலாம். எல்லாமே வாசனைதான். கிழவிக்கு மருந்து வாசனையும் கோயில் வாசனையும் போதும், பூ வாசனை ஆகாது என்று பிரித்தவர்கள் யார்?

மூன்றாவது ஆட்சேபம்: சென்ட் போடுவது மேல்நாட்டுப் பழக்கம். இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நான் நிலக்கோட்டைப் பக்கம் பூவுக்குள் பிறந்தவள். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் விளைச்சல் மிஞ்சி விலை விழுந்தால் மல்லிகை மூட்டை மூட்டையாக சென்ட் ஆலைக்குத்தான் போகும். அங்கே பூவைக் கரைப்பானில் ஊறவைத்து மெழுகுபோல எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, எத்தனை பேர் பெருமையாகப் பகிர்ந்தீர்கள்! சம்பங்கியின் கதையோ தலைகீழ். அதன் பிறந்த வீடு மெக்சிகோ. ஐரோப்பியர் கைமாறி நம் நாட்டுக்கு வந்து, நம் மாலையில் ஏறி, இன்று நம் பூ ஆகிவிட்டது. பூக்கள் இப்படிக் கடலைக் கடந்து போகவும் வரவும் செய்கின்றன. நாம்தான் வாசலில் நின்று யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது ஆட்சேபம்தான் உண்மையான ஆட்சேபம். மற்ற மூன்றும் அதற்குப் போட்ட போர்வை. பூவும் பொட்டும் புருஷனோடு வந்தது, புருஷனோடு போக வேண்டும் என்பது.

இதற்கு என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் பேசாத கதை.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அம்மாவுக்கு அப்போது இருபத்தொன்பது. நிலம் கடனில் போனது. அம்மா கூலிக்குப் பூக்கட்ட உட்கார்ந்தார். கமிஷன் கடையிலிருந்து உதிரி மொட்டு வரும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டுகூடக் கட்டுவார். முப்பது வருடம் கட்டினார். எத்தனை ஆயிரம் முழம் என்று கணக்கே இல்லை. அத்தனையும் அடுத்தவர் தலைக்கு. அதில் ஒரு கண்ணியைக்கூடத் தன் தலையில் வைத்ததில்லை. முகூர்த்த நாட்களில் அம்மா கட்டிய பூதான் ஊரில் பாதிக் கல்யாண வீடுகளுக்குப் போகும். அந்தக் கல்யாணங்களுக்கு அம்மா போனால் பின்பக்கமாக அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் விரல் பட்ட பூ மங்கலம், அவர் முகம் அமங்கலம்.

மல்லிகை பகலில் மொட்டாகவே இருக்கும், பொழுது சாயத்தான் விரியும். அதனால்தான் விடியலிலேயே பறித்துவிடுகிறார்கள். கட்டி முடித்து நாங்கள் படுக்கும் நேரத்துக்கு அம்மாவின் விரல்களில் அந்த மணம் ஏறியிருக்கும். எனக்குத் தூக்கம் வராவிட்டால் அந்தக் கையை இழுத்து என் மூக்கில் வைத்துக்கொள்வேன். ஒரு ராத்திரி நான் தூங்கிவிட்டதாக நினைத்து அம்மா தன் உள்ளங்கைகளைத் தன் முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். நீளமாக, இரண்டு மூன்று தடவை. பிறகு எழுந்து போய்க் கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டு வந்து படுத்தார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏன் கழுவினார் என்று அன்று புரியவில்லை. போன மாதம் கதவைச் சாத்திவிட்டு மணிக்கட்டை முகர்ந்தபோது புரிந்தது.

அம்மா 2003-ல் இறந்தார். அதற்கு முன்னால் என் மகன் காதுகுத்தில் பூத்தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனவள் நான்தான். சொந்த அம்மாவைத் தாண்டித் தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினேன். யாரும் எனக்குக் கண் காட்டவில்லை. நானாகவே தாண்டினேன். அதனால் வளைகாப்பு வாசலில் கையை இழுத்துக்கொண்ட அந்தச் சின்னப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து படித்துக் கொடுத்த பாடத்தை அது ஒப்பித்தது.

2015-ல் என் வீட்டுக்காரர் போனார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் வாங்கிவந்து சைக்கிள் கைப்பிடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த மனிதர். கருமாதி அன்று உங்களில் சிலர் என்னை உட்காரவைத்துத் தலை கொள்ளாமல் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, எல்லாவற்றையும் பிறகு கழற்றினீர்கள். பாசத்தோடுதான் செய்தீர்கள், அழுதுகொண்டேதான் செய்தீர்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் அறிவு சொன்ன வாய் அன்று திறக்கவில்லை. அவருக்கு அது பிடித்திருக்குமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் பூ வாங்கிவந்தது எனக்குப் பூ பிடிக்கும் என்பதற்காக. அவரைக் கட்டுவதற்கு முன்னாலேயே எனக்குப் பூ பிடிக்கும். நாலு வயதில் என் அப்பத்தா குதிரைவால் கட்டி முல்லைச் சரம் வைத்துவிட்டாரே, அப்போது எனக்கு எந்தப் புருஷன் இருந்தான்?

நம் பேச்சையே கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பெண் கணவனுக்கு முன்னால் செத்தால் "பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்துட்டா, புண்ணியவதி" என்கிறோம். செத்துப்போனதற்குப் பாராட்டுப் பத்திரம். உயிரோடு இருப்பவளுக்கோ தட்டு தாண்டிப் போகிறது. மனைவியை இழந்த ஆண்களும் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மூன்றாவது மாதமே ஜவ்வாது பூசி, பட்டு வேட்டி கட்டி, கல்யாண மேடையில் ஏறித் தாலியை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், நான் குறை சொல்லவில்லை. அவர் கழற்றி வைக்க என்ன இருந்தது என்றுதான் கேட்கிறேன்.

தமிழர் பண்பாடு என்று சொல்கிறவர்களுக்குத் தமிழ்ப் பாடத்திலிருந்தே பதில் சொல்கிறேன். பழைய காலத்தில் பூச்சூடுவது பெண்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததா? சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, போருக்குத் தும்பை, வென்றால் வாகை. எல்லாம் ஆண்கள் தலையில் இருந்தவை. புறநானூற்றில் முல்லையைப் பார்த்துக் கேட்கும் பாட்டு ஒன்று உண்டு, குடவாயிற் கீரத்தனார் பாடியது. என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். வீரன் ஒருவன் இறந்த துக்கத்தில் இளைஞர்கள் பூச்சூடவில்லை, பெண்கள் பறிக்கவில்லை, பாணனும் பாடினியும் சூடவில்லை. ஊரே சேர்ந்து துக்கம் காத்தது. ஒருத்தி தலையில் மட்டும் ஆயுளுக்கும் அந்தத் துக்கத்தைக் கட்டிவைக்கவில்லை அந்தப் பாட்டு. அதே புறநானூற்றில் கைம்மை நோன்பின் கொடுமையைச் சொல்லும் பாட்டும் இருக்கிறது, மறைக்கவில்லை. பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு அந்த வாழ்வைவிட ஈமத் தீயே மேல் என்று சொல்லும் பாட்டு அது. அதைப் படித்துவிட்டு அந்த வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால் நாம் படித்த படிப்பு வீண்.

காலமும் சும்மா நிற்கவில்லை. 1856-லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. இளம் வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் சென்னையில் பட்டம் வாங்கி, தன்னைப்போன்ற பிள்ளைகளைச் சேர்த்து இல்லம் நடத்தினார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தப் பெண்கள் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்த என்னைப்போன்ற பெண்கள் நடந்த பாதையை வெட்டியவர்கள் அவர்கள். 2022-ல் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமம், கணவன் இறந்தால் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது எல்லாம் இனி எங்கள் ஊரில் கிடையாது என்று தீர்மானம் போட்டது. 2023-ல் ஈரோடு மாவட்டத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வரக்கூடாது என்று தடுத்தபோது சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. ஒரு பெண்ணுக்கு அவளாகவே ஓர் அந்தஸ்து உண்டு, கணவன் இருப்பதாலோ இல்லாததாலோ அது கூடவோ குறையவோ செய்யாது என்பது அந்த உத்தரவின் சாரம். நீதிமன்றம் வரை போய்விட்ட விஷயம் நம் மண்டப வாசலுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இனி மாணவிகளிடம் ஒரு வார்த்தை. நான் சுத்தமான கைகளோடு இதை எழுதவில்லை.

பள்ளியில் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது என்று விதி இருந்தது. அதை மற்ற எல்லாரையும்விடக் கறாராக நடத்தியவள் நான். காலைப் பிரேயர் முடிந்ததும் வரிசையில் நடந்துபோய்ப் பூவை எடுக்கச் சொல்வேன். என் மேஜையில் சிறு குவியலாகச் சேரும். மத்தியானத்துக்குள் வகுப்பறை முழுக்க மணக்கும், நான் அந்த மணத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திருத்துவேன். ஒருநாள் ஒரு பிள்ளை, "எங்கம்மா விக்காம மிஞ்சின பூ டீச்சர், வாடிப்போயிடும்னு வச்சுவிட்டாங்க" என்றது. விதி விதிதான் என்றேன். பூக்கட்டிப் பிழைத்தவரின் மகள், பூ விற்றவரின் மகளிடம் அப்படிச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இன்று நாற்பது வயதாவது இருக்கும். அம்மா, இதைப் படித்தால், டீச்சர் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

பூவை எடு என்று முதலில் பள்ளியில் சொல்கிறோம், படிப்பு கெடும் என்று. கல்யாணம் ஆனால் வை என்று சொல்கிறோம், வைக்காவிட்டால் திட்டுகிறோம். கணவன் போனால் எடு என்று சொல்கிறோம். வாழ்நாளில் எந்தக் கட்டத்திலும் "உனக்கு வேணுமாம்மா?" என்று மட்டும் கேட்பதில்லை.

நான் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். கணவனை இழந்த எல்லாப் பெண்களும் நாளை முதல் பூ வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று வைக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் நினைவுக்காக விட்டுவிட்டேன் என்று சொல்லும் தோழிகள் எனக்கு உண்டு. அது அவர்கள் மனசு, கைகூப்புகிறேன். எடுத்துக்கொள்வதும் மறுப்பதும் அவரவர் கையில் இருக்கட்டும். தட்டு நீட்டுவது மட்டும் நம் கடமை.

ஆகவே, வருகிற தை மாதம் நம் வீட்டில் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்கு என் பங்காக மூன்று வேண்டுகோள்.

ஒன்று, வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வருகிற எல்லாப் பெண்களிடமும் பூத்தட்டை நீட்ட வேண்டும் என்று. வேண்டாம் என்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டு, தையில் பனியால் விளைச்சல் குறைந்து மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். பூச்செலவு கட்டுப்படியாகாது என்றால் எல்லாருக்கும் குறைத்துக் கொடுங்கள். குறைப்பதை எங்களிடமிருந்து தொடங்காதீர்கள்.

மூன்று, நான் அன்று அந்த இரண்டு சொட்டுப் போட்டுக்கொண்டுதான் வருவேன். முன்வரிசையில்தான் உட்காருவேன். மணமகளுக்கு அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்வேன். அது சரிவராது என்று நினைப்பவர்கள் குரல் பதிவு அனுப்ப வேண்டாம், நேராக எனக்கு போன் செய்யுங்கள். என் பெயரைப் பத்திரிகையிலிருந்து எடுத்துவிடுங்கள். மொய்யை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொள்கிறேன். உறவு அறுந்துபோகாது. ஆனால் அடுப்படிப் பக்கமாக உள்ளே வர என்னால் முடியாது. என் அம்மா வந்தது போதும்.

கடைசியாக ஒன்று. மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் ஒரு குணம் உண்டு. செடியிலிருந்து பறித்த பிறகும் அவை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் இந்தப் பூக்களைக் கொழுப்புத் தடவிய கண்ணாடியில் பரப்பி வைப்பார்களாம். பறித்து வெகுநேரம் ஆனபிறகும் பூ விடுகிற மணத்தைக் கொழுப்பு வாங்கிக்கொள்ளும். எல்லாப் பூவுக்கும் இந்தக் குணம் கிடையாது. செடியிலிருந்து பிரிந்ததோடு பூவின் கதை முடிந்துவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் நினைக்கவில்லை.

 கோபம் வந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

பின்குறிப்பு: அந்த சென்ட் எங்கே கிடைக்கும் என்று இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். அம்மா தனியாக இருக்கிறவர்கள் இன்று மாலை பூக்கார அக்காவிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டு போங்கள். "உனக்கு வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். அந்தப் பதில் வாய்க்கு வர நேரம் பிடிக்கும்.